எட்டாவது வரைபடம்

உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டிருந்தவை
ஆறு வயதுக்காரர்களின் நாற்காலிகள்.
முழங்கால் மோவாயைத் தொட
இருநூறு பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள்.
வெளியே மினசோட்டாவின் ஜனவரி.
ஒவ்வொரு காலணியைச் சுற்றியும்
ஒரு சின்ன உப்புக் குட்டை.

நான் திரையருகே நின்றேன்.
கையில் மவுஸ், கழுத்தில் அட்டை:
மார்லிஸ், வரைபடப் பிரிவு.
எட்டாவதைத் திறந்ததும்
டெலாஃபீல்டு தெருவின் நடுவே
நீலக் கோடு ஒன்று ஓடியது.
தெற்கு வாசல்கள் இந்தப் பள்ளிக்கு.
வடக்கு வாசல்கள்
நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் கின்னி கிரீக்குக்கு.

முதலில் எழுந்தவர் போக்குவரத்து என்றார்.
அடுத்தவர் நடைபாதை என்றார்.
இன்னொருவர், கின்னி கிரீக்கில் கொதிகலன் பழசு என்றார்.
எங்கள் தலைக்குமேல் முனகிக்கொண்டிருந்தது
அதைவிடப் பத்து வருஷம் மூத்தது.
நான் வாய் திறக்கவில்லை.
பல் மருத்துவர் ஒருவர்
தன் வாசற்படியிலிருந்து பள்ளிக் கதவு வரை
ஆயிரத்து நாற்பத்தோரு அடி என்றார்.
பனியில் டேப் வைத்து அளந்தாராம்,
மறுமுனையை மனைவி பிடிக்க.

சிடார் கோர்ட் குடியிருப்பைப் பற்றி
யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு வாடகை வீடுகள்.
மீன் முள்ளைப் போல
எல்லா வாயிலும் அது கிடந்தது;
நாக்கு அதை ஒதுக்கி ஒதுக்கிப் பேசியது.

கோடாத கோடு வேண்டும் என்றார்கள்.
தங்கள் வாசலில் மட்டும்
கொஞ்சம் கோடினால் போதும்.

பின்வரிசை மேசையில்
எட்டாவதை ஆதரிக்கும் மனு இருந்தது.
இஃப்ரா வர்சாமே, கதவு எண் நானூற்றிருபது, வடக்கு வாசல்,
விரல் வைத்துப் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தாள்.
அறுபத்திரண்டில் விரல் நின்றது.
ஸிக்ரிட் ஹாலோரன், நானூற்றுப் பதினேழு.
எதிர் வீடு. பாதிப் பாதிப் பணம் போட்டு
ஒரே பனியகற்றும் இயந்திரம் வாங்கியவர்கள்.
திங்கள் செவ்வாய் அவள் வீட்டில் பிள்ளைகள்,
புதன் வியாழன் இவள் வீட்டில்.

இஃப்ரா கத்தவில்லை.
"அதே கையெழுத்து," என்றாள்.
"என் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போக
அனுமதித் தாளில் நீ போட்டது."

"உனக்கு எதிராக இல்லை,"
என்று ஸிக்ரிட் தொடங்கினாள்.
ஒலிவாங்கி அந்தப் பக்கம் இல்லாததால்
மீதி எனக்குக் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்
குறிப்பேட்டில் ஏறியிருக்காது;
ஆளுக்கு இரண்டு நிமிடம்,
பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும்.

இங்கே நானும் ஒன்று சொல்ல வேண்டும்.
நான்காவது வரைபடத்தில் கோடு
என் அக்கா வீட்டுக்குத் தெற்கே போனது.
ஐந்தாவதில் வடக்கே.
இடையில் ஒரு மதிய உணவு நேரம்,
ஒரு விரல் அசைவு.
எட்டு வரைபடங்களையும்
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள்
அதை மட்டும் கேட்கவே இல்லை.
கேட்டால் சொல்ல ஒரு காரணம் வைத்திருந்தேன்.
வடிகால் பற்றியது. நல்ல காரணம்.

என் திரையில் குழந்தைகள் புள்ளிகள்.
பச்சை என்றால் முதல் வகுப்பு.
நானூற்றுப் பதினேழில் ஒரு பச்சை,
நானூற்றிருபதில் ஒரு பச்சை.
பெரிதாக்கினால் விலகும்,
சிறிதாக்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.
வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

நான்குக்கு மூன்று. எட்டாவது நிறைவேறியது.
இரவில் ஒன்பது அங்குலம் கொட்டியது.

மறுநாள் பேருந்து நிறுத்தம் குறிக்கப் போனேன்.
தெற்கே ஸிக்ரிட் மண்வாரியால் தள்ளிக்கொண்டிருந்தாள்.
வடக்கே இஃப்ராவும் மண்வாரியால்.
இயந்திரம் ஸிக்ரிட்டின் பாதை முனையில்,
தெருவைப் பார்த்து,
தொட்டி நிறைய எண்ணெயோடு நின்றது.
கொண்டுவந்து வைத்தாளா,
கொண்டுபோக வைத்தாளா தெரியவில்லை.

அடையாளக் கம்பத்தை
எந்தப் பக்கம் நடுவது என்று
தாளைப் பிரித்துப் பார்த்தேன்.
இரண்டு பேரும் நிமிர்ந்து
என்னைப் பார்த்தார்கள்.